பரதேசி என்னும் பட்டம்

2024 ஆகஸ்டில் மட்டாஞ்சேரியில் ஒரு மூதாட்டி காலமானார். கொச்சியின் பரதேசி யூதர்களில் எஞ்சியிருந்த கடைசிப் பெண்மணி என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியதில் பிழை இல்லை. ஆனால் இம்மாதிரிச் செய்தி வாய்க்கு வாய் நகரும்போது முதலில் உதிர்ந்துபோவது 'பரதேசி' என்ற அடைமொழிதான். மிஞ்சுவது 'கொச்சியின் கடைசி யூதர்' என்ற சொற்றொடர். படகேறிக் காயலைக் கடந்து எர்ணாகுளம் சந்தைப் பக்கம் போகிறவன் வேறொன்றைப் பார்க்கலாம். முன்புறம் வண்ண மீனும் தொட்டிச் செடியும் விற்கும் கடை. கடையைத் தாண்டி உள்ளே போனால் கடவும்பாகம் ஜெபஆலயம். அதற்கு உரியவர்கள் மலபாரி யூதர்கள். பரதேசிகள் கப்பலிறங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கரையில் இருந்தவர்களின் வழி வந்தவர்கள். எர்ணாகுளத்திலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடைசி யூதரைப் பற்றிய இரங்கலில் இவர்கள் எண்ணிக்கையில் சேர்வதில்லை.

பத்திரிகைக்காரர்களின் அவசரம் என்று இதை விட்டுவிடலாம். புத்தகங்களும் இதையே செய்கின்றன என்பதால்தான் எழுதத் தோன்றியது. நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்கும் மட்டாஞ்சேரியில் பரதேசிகளிடையே தங்கியிருந்து எழுதிய நூல் 1993-ல் வந்தது. தலைப்பு 'கொச்சியின் கடைசி யூதர்கள்'. பொறுப்பான நூல், மலபாரிகளுக்கு இழைக்கப்பட்டதை மூடிமறைக்கவில்லை. ஆனாலும் தலைப்பு தன் வேலையைச் செய்துவிடுகிறது. சேதுவின் 'ஆலியா' சேந்தமங்கலத்து மலபாரி யூதர்கள் ஊரைவிட்டு இஸ்ரேலுக்குக் கிளம்புவதை எழுதிய மலையாள நாவல். ஆங்கிலத்துக்குப் போனபோது அதன் துணைத் தலைப்பிலும் 'கிராமத்தின் கடைசி யூதன்' வந்து ஒட்டிக்கொண்டான். ரஷ்டியின் 'மூரின் கடைசிப் பெருமூச்சு' (1995) கொச்சி யூதத் தெருவை உலக நாவலுக்குள் கொண்டுவந்தது. அதிலும் தெருவின் மகிமை, கிரானடாவை இழந்த ராஜாவின் ரத்தம் அங்கே ஓடக்கூடும் என்ற வதந்தியில்தான் இருக்கிறது. அதாவது ஸ்பெயினிலிருந்து வந்தால்தான் கதை.

'கடைசி' என்ற சொல்லின் மேல் நம் காலத்து எழுத்தாளனுக்கு ஒரு சபலம் உண்டு. நமக்கும் உண்டு, கடைசிக் கூத்தாடி, கடைசி ஓதுவார், கடைசி அக்கிரகாரம் என்று தமிழிலும் நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். இரங்கற்பாவுக்கு ஒற்றைப் பிணம் தேவை. இரண்டு பிணங்கள் இருந்து, அவற்றில் ஒன்று மற்றதைத் தன் பந்தியில் உட்கார விடாததாகவும் இருந்தால், இரங்கல் விகாரப்பட்டுவிடுகிறது. அப்போது எந்தப் பிணத்துக்கு நீல ஓடும் மணிக்கூண்டும் ஆங்கிலமும் இருக்கின்றனவோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது சௌகர்யம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்களில் சிலர் ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியை எழுதியிருக்கிறார்கள். சுமார் கி.பி. 1000-ல் சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் முயிறிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக்கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழ் என்றும் மலையாளம் என்றும் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடக்கூடிய இடைக்கால மொழி. கல்வெட்டுத் தமிழில் பழக்கமுள்ளவன் தட்டுத்தடுமாறி வாசித்துவிடலாம். ரப்பானின் பெயர் அதில் தமிழ் வாய்க்கு ஏற்றபடி இஸ்ஸுப்பு இறப்பான் என்று திரிந்திருக்கிறது. அந்நியப் பெயரைத் தன் நாக்குக்கு வளைத்துக்கொள்கிற சமூகம் அந்த ஆளையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். மகனுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் அந்த உரிமை தொடரும் என்றும் செப்பேடு சொல்கிறது.

இந்தச் செப்பேடு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. கொடுங்கல்லூரில் இருந்த பழைய யூதர்களுக்கு. இன்று அது எங்கே இருக்கிறது? மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபஆலயத்தில். 1344-ல் கொச்சங்காடியில் கட்டப்பட்ட ஜெபஆலயத்தின் ஹீப்ருக் கல்வெட்டும் அதே பரதேசி ஜெபஆலயத்தின் முற்றத்துச் சுவரில்தான் பதிந்திருக்கிறது. செப்பேடு எங்களுடையது என்று மலபாரிகள் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். கேட்டவர்கள் குறைவு. ஆவணத்தை வைத்திருப்பவன் அதன் உரிமையாளன் ஆகிறான், உரிமையாளன் அதன் வாரிசு ஆகிறான், வாரிசு பிறகு அதன் வியாக்கியானக்காரனும் ஆகிவிடுகிறான். இலக்கிய விமர்சனத்திலும் நாம் காண்கிற காரியம்தான் இது.

வந்தவர்கள் யார்? 1492-ல் ஸ்பெயினிலிருந்தும் 1497-ல் கட்டாய ஞானஸ்நானத்தின் மூலம் போர்த்துகலிலிருந்தும் தூக்கியெறியப்பட்ட யூதர்களில் சிலர், பல துறைமுகங்கள் சுற்றிக் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஸெஃபார்திக் யூதர்கள் என்று இவர்களைச் சொல்வது. 'ஸெஃபாரத்' என்றால் ஹீப்ருவில் ஸ்பெயின். அலெப்போ, பாக்தாத், ஜெர்மனி என்று வேறு இடங்களிலிருந்து வந்தவர்களும் இவர்களோடு கலந்துகொண்டார்கள். 1568-ல் ராஜாவின் அரண்மனையை ஒட்டியே இவர்களுடைய ஜெபஆலயம் எழுந்தது. ஊர் இவர்களுக்கு வைத்த பெயர் பரதேசி.

தமிழில் இந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது என்பது தெரியும். கையில் ஓடேந்தியவன், நாதியற்றவன். கோபத்தில் வாயில் வரும் வசவு. மலையாளத்திலும் அது வெளியூர்க்காரன்தான். அந்தச் சொல்லை ஒரு கூட்டம் உயர்குலப் பட்டமாக அணிந்துகொண்டு, ஊர்க்காரனை அதற்குக் கீழே நிறுத்தியது சொற்பொருள் வரலாற்றிலேயே விசித்திரம். எப்படிச் சாத்தியமாயிற்று? இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்ததால். பரதேசிகள் வெள்ளை யூதர்கள் ஆனார்கள். அந்தக் கணமே, அதுவரை வெறும் யூதர்களாக இருந்தவர்கள் கறுப்பு யூதர்கள் ஆகிவிட்டார்கள். தங்களுக்கு ஒரு நிறம் இருப்பதே மற்றவன் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஐநூறு வருஷம் தேவைப்படாத அடைமொழி அது. 1806-க்குப் பிறகு கொச்சிக்கு வந்து ஹீப்ருச் சுவடிகளைச் சேகரித்துக் கேம்ப்ரிட்ஜுக்குக் கொண்டுபோன பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், ஒரு சாராரை ஜெருசலேம் யூதர் அல்லது வெள்ளை யூதர் என்றும், மற்றவரைப் புராதன யூதர் அல்லது கறுப்பு யூதர் என்றும் எழுதினார். புராதனமும் கறுப்பும் ஒரே ஆளைக் குறிக்கும் இரண்டு சொற்கள் என்று அந்த வெள்ளைக்காரருக்கே தெரிந்திருக்கிறது. பிற்காலத்துப் பேச்சில் புராதனம் உதிர்ந்து கறுப்பு மட்டும் நின்றது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. வந்த யூதர்கள் கேரளத்தின் ஜாதி அமைப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஹிந்து சமூகத்தின் வியாதி அவர்களைத் தொற்றிக்கொண்டது என்பது அது. மானுடவியல்காரர்கள் முதல் சுற்றுலாக் கையேடு எழுதுகிறவர்கள் வரை இதைச் சொல்கிறார்கள். நம்மவர்களும் ஒரு குற்ற உணர்ச்சியுடன் தலையாட்டுகிறார்கள். பாதி உண்மை. கேரளத்தில் அந்த நாற்காலி தயாராகக் கிடந்தது என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் வந்தவர்கள் நிற்கப் பழகியவர்களா, ஏற்கெனவே உட்காரப் பழகியவர்களா என்ற கேள்வி பாக்கியிருக்கிறது.

1449-ல் டோலிடோவில், மதம் மாறிய யூதர்களைப் பதவிகளிலிருந்து விலக்க 'ரத்தத் தூய்மை' என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. ஞானஸ்நானம் பெற்றாலும் ரத்தம் மாறாது என்பது அதன் தர்க்கம். அந்தத் தர்க்கத்தால் துரத்தப்பட்டவர்கள் அதையே மூட்டை கட்டிக்கொண்டும் போனார்கள். கொச்சி வரை வர வேண்டாம். ஆம்ஸ்டர்டாமைப் பார்த்தால் போதும். அங்கே போர்த்துகீசிய யூதர்கள் 1644-ல் ஒரு விதி செய்தார்கள்: விருத்தசேதனம் செய்துகொண்ட கறுப்பு யூதர்களை வேதம் வாசிக்க அழைக்கக் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் நம்பூதிரி இல்லை, நாயர் இல்லை, தீண்டாப்பாடு அளந்து காட்டும் கோல் இல்லை. 1656-ல் இளைஞன் ஸ்பினோஸாவைச் சபித்து வெளியேற்றியதும் அதே சபைதான். அங்கிருந்து மோசஸ் பெரேரா தெ பாய்வா 1686-ல் கொச்சிக்கு வந்து பார்த்து, அடுத்த வருஷம் ஒரு சிறு நூலை அச்சிட்டார். வெள்ளையர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. மலபாரிகளோடு அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை கிடையாது என்பதும் இருக்கிறது. தனக்குப் பழக்கமில்லாத எதையும் பார்த்த அதிர்ச்சி அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை.

இதைவிட முக்கியமான ஆவணம் ஒன்று உண்டு. 16-ம் நூற்றாண்டின் முற்பாதியில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி போயிற்று. இங்கே 900 குடும்பத் தலைவர்கள் இருக்கிறோம். நூறு பேர் தங்களைக் குலவழி சுத்தமானவர்கள் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களோடு சம்பந்தம் செய்வதில்லை, அவர்களை அடிமைகள் என்கிறார்கள். மற்றவர்களோ செல்வந்தர்கள், தர்மம் செய்கிறவர்கள், மார்க்கத்தில் வழுவாதவர்கள். என்ன செய்வது? கேள்வி இவ்வளவுதான். பதில் எழுதியவர் ரப்பி டேவிட் இப்ன் ஸிம்ரா. அவரே ஸ்பெயினில் பிறந்து 1492-ல் சிறுவனாக வெளியேற்றப்பட்டவர். முறைப்படி மதச் சடங்குகளைச் செய்துகொண்டால் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்கள், மணஉறவுக்குத் தடை இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார். அவருடைய சீடர் அலெக்ஸாந்திரியாவின் யாக்கோப் தெ காஸ்ட்ரோவும் பிறகு அதையே சொன்னார். வந்தவர்களின் சொந்த ஸ்பானியக் குருவே சொன்ன தீர்ப்பு நானூறு வருஷம் கொச்சியில் செல்லுபடியாகவில்லை. சாஸ்திரம் இடம் கொடுக்கிறது, சம்பிரதாயம் கொடுக்கவில்லை என்று இங்கே நாம் கேட்டுச் சலித்த பேச்சு ஹீப்ருவிலும் உண்டு.

சென்னையையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம். இதே போர்த்துகீசிய யூதர்கள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தைக் கொண்டுபோனார்கள். 1688-ல் ஆரம்பித்த சென்னை மாநகராட்சியில் மூன்று பேர் உறுப்பினர்கள். கோட்டைக்கு வெளியே கறுப்பர் பட்டணம் என்றே ஒரு பட்டணம் இருந்த ஊர். நிற பேதத்துக்குச் சென்னையில் குறைவில்லை. ஆனால் சென்னையில் வெள்ளை யூதர் என்றொரு பிரிவு உண்டாகவில்லை. காரணம் எளிது. தாழ்த்துவதற்கு இங்கே பழைய யூதன் இல்லை. வியாபாரம் முடிந்ததும் போனார்கள். சில கல்லறைக் கற்கள் இடம் மாறி மாறி லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. கொச்சியில் அவர்கள் வெள்ளையானது உடம்பின் நிறத்தால் மட்டும் அல்ல என்பதற்குச் சென்னை ஒரு சாட்சி.

இனி இந்த விஷயத்தின் சிக்கலான பகுதி. வந்தவனும் இருந்தவனும் எண்ணெயும் தண்ணீருமாக இருந்திருந்தால் விஷயம் லேசு. அப்படி இல்லை. மலபாரிகள் ஸெஃபார்திக் வழிபாட்டு முறையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள்; ஆம்ஸ்டர்டாமிலிருந்து அச்சிட்டு வந்த ஜெப நூல்கள் அந்தக் கரையில் புழங்கின. பரதேசிகள் எடுத்துக்கொண்டது அதைவிட அதிகம். மொழி மலையாளம் ஆயிற்று. வேட்டி, சமையல், ஜெபஆலயத்தின் அமைப்பு. மாடத்தில், பெண்களின் இடத்துக்கு முன்பாக, வேதம் வாசிக்க இரண்டாவது மேடை வைப்பது கேரள ஜெபஆலயங்களுக்கே உரியது. பரதேசிகளும் அப்படியே கட்டினார்கள். கொடுங்கல்லூரின் கதையையே தங்கள் பூர்வகதை ஆக்கிக்கொண்டார்கள். இறந்தவரின் பெட்டியில் ஒரு பிடி கொடுங்கல்லூர் மண் போடுகிற வழக்கம் கொச்சி யூதர்களிடம் இருந்தது. மண் வேண்டும், செப்பேடு வேண்டும், பாட்டு வேண்டும், பெண் மட்டும் வேண்டாம் என்பதுதான் பரதேசியின் நிலைப்பாடு. துவேஷம் தூரத்திலிருந்து வருவதாக நாம் நினைக்கிறோம். இங்கே அது நெருக்கத்தின் உள்ளேயே குடியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூதர்களாக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததி தனி. மெஷுஹ்ராரிம் என்று பெயர். பரதேசி ஜெபஆலயத்தில் அவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது, முன்னறைத் தரையில் உட்கார வேண்டும். அவர்கள் கல்யாணம் அங்கே நடக்காது. மலபாரிகளிடமும் இப்படி ஒரு பிரிவு இருந்தது. கறுப்பன் என்று ஒதுக்கப்பட்டவனும் தனக்குக் கீழே ஒருவனை வைத்திருந்தான். ஆகவே 'பூர்வகுடி நல்லவன், வந்தேறி கெட்டவன்' என்று கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்குக் கொச்சி உதவாது.

அந்த முன்னறையிலிருந்து வந்தவர் ஏ.பி. சேலம் (1882-1967). சென்னையில் படித்த வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனவர், தொழிற்சங்கக்காரர். யூத காந்தி என்று பெயர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜெபஆலயத்தின் படியில் உட்கார்ந்து சத்யாக்ரகம் செய்தார். 1924-ல் வைக்கத்தில், ஈ.வெ.ரா. ஜெயிலுக்குப் போன போராட்டத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டார்கள். அதே நாட்டில் சேலம், ஒரே கடவுளை நம்புகிற, உருவ வழிபாட்டை வெறுக்கிற வீட்டுக்குள் ஒரு பெஞ்சு கேட்டார். 1930-களிலும் 40-களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950-ல் அவருடைய மகன் ஒருவர் பரதேசிப் பெண்ணை மணப்பதற்குப் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. இதில் என்னை யோசிக்க வைப்பது, சேலம் 1929-ல் ஒரு சிறு நூல் எழுதினார் என்பது. அந்த ஜெபஆலயத்தைப் பற்றியே எழுதினார். தன்னைப் படியில் உட்காரவைத்த வீட்டின் வரலாற்றைப் படியில் உட்கார்ந்தவரே எழுத வேண்டியிருந்தது. இஸ்ரேலுக்கு மலபாரிகள் குடிபோவதற்காக 1953-ல் அங்கே சென்று வாதாடிவிட்டு, தாம் மட்டும் கொச்சியிலேயே இருந்து இறந்தார்.

ரூபி டேனியலின் 'கொச்சியின் ரூபி' (1995) இந்த வரிசையில் வரும் நூல். பார்பரா ஜான்சன் என்ற மானுடவியலாளரின் துணையோடு ஆங்கிலத்தில் வந்தது. 1912-ல் யூதத் தெருவில், அதே முன்னறைக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1951-ல் இஸ்ரேலுக்குப் போய்க் கிப்புட்ஸில் வாழ்ந்து 2002-ல் காலமானவர். இலக்கியவாதி அல்ல. நூலுக்குக் கட்டமைப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பண்டிகை, பலகாரம், பேய்க்கதை, பாட்டி சொன்ன வம்பு, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது எல்லாம் ஒரே தட்டில் வருகின்றன. ஆனால் நான் படித்த கொச்சி நூல்களில் 'கடைசி' என்ற மயக்கத்துக்கு ஆட்படாதது இதுதான். காரணம், அவருக்கு அந்தத் தெரு அழிந்துபோன அழகு அல்ல. கணக்குத் தீராத இடம். அவமானத்தைச் சொல்கிற அதே மூச்சில் அந்தத் தெருவின் திருநாட்களை ருசித்துச் சொல்கிறார். இரண்டையும் சமரசப்படுத்த அவர் முயல்வதில்லை. சமரசப்படுத்தியிருந்தால் நூல் இன்னும் நன்றாக விற்றிருக்கும்; ஒரு நல்ல நூல் குறைந்திருக்கும். ஒரு குறை: அடிமை என்ற பட்டம் தன் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று நிரூபிப்பதில் அவர் காட்டும் அக்கறை, பட்டம் யாருக்குமே பொருந்தாது என்று சொல்வதில் இல்லை. குலவழியை மறுக்கக் குலவழியையே ஆதாரமாகக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம். அவரை நான் குறை சொல்வது நியாயமா என்று எனக்கே நிச்சயமில்லை.

ரூபி டேனியல் செய்த இன்னொரு காரியம், யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தது. இந்தப் பாட்டுகளைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நோட்டுகளில் கைப்பட எழுதிவைத்தார்கள். கல்யாணத்துக்கு, விருத்தசேதனத்துக்கு, ஜெபஆலயத்தின் பெருமைக்கு, வேதக் கதைகளுக்கு என்று நூற்றுக்கணக்கில். வேறு பல யூத சமூகங்களில் பெண்குரல் ஆண்காதில் விழக் கூடாது. இங்கே பெண்கள் சபையில் பாடினார்கள், ஆண்கள் கேட்டார்கள். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்து 2005-ல் ஜெருசலேமில் மலையாளமும் ஹீப்ருவுமாக வெளிவந்த தொகுப்பின் பெயர் 'கார்குழலி'. அந்தச் சொல்லுக்குத் தமிழனுக்கு அகராதி வேண்டாம். செப்பேட்டின் மொழி ஆண்களின் அரண்மனையில் எழுதப்பட்டு ஒரு பெட்டியில் போய் அடைந்துவிட்டது. அதன் தூரத்து உறவு பெண்களின் வாயில் இருந்துகொண்டிருந்தது.

இந்த நோட்டுகளைப் பற்றி விமர்சகன் என்ற முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றே. பரதேசிப் பெண்களின் நோட்டிலும் மலபாரிப் பெண்களின் நோட்டிலும் ஒரே பாட்டுகள் இருக்கின்றன. ஆண்கள் பெஞ்சுக்கும் பெண் கொடுப்பதற்கும் நானூறு வருஷம் வழக்காடிக்கொண்டிருந்தபோது, பாட்டு எந்த வழியாக வீடு மாறிற்று? எல்லாப் பாட்டும் பொது என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒவ்வொரு ஜெபஆலயத்துக்கும் தனிப் பெருமை பாடும் பாட்டும் உண்டு. ஒற்றுமையின் சின்னம் என்று இதை நான் தூக்கிப்பிடிக்கவும் மாட்டேன். ஒரே பாட்டைப் பாடிய பெண்களில் ஒருத்தி பெஞ்சு வைத்த சபையின் மாடத்திலும் இன்னொருத்தி அதற்கு வெளியிலும் இருந்தாள். ஆனால் கொச்சி யூத இலக்கியம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுவதானால் தொடங்க வேண்டிய இடம் நீல ஓடு அல்ல, இந்த நோட்டு. தமிழில் ஓடு பற்றிப் பயணக் கட்டுரைகள் இருக்கின்றன. நோட்டு பற்றி ஒரு நல்ல கட்டுரையை நான் பார்த்ததில்லை.

பம்பாயிலும் இதே நாடகம், நடிகர்கள் வேறு. கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்த பெனே இஸ்ரேல் யூதர்களிடையே பாக்தாதிலிருந்து ஸஸ்ஸூன் குடும்பமும் மற்றவர்களும் வந்தார்கள். 1836-லேயே இடுகாட்டில் நடுவே சுவர் வேண்டும் என்று விண்ணப்பம். ரங்கூனில் ஜெபஆலய நிர்வாகத்தில் பெனே இஸ்ரேல்களுக்கு வாக்கு உண்டா என்பது ஹைகோர்ட்டு வரை போய் 1935-ல் உண்டு என்று தீர்ந்தது. இஸ்ரேலில் 1960-களின் ஆரம்பத்தில் ஸெஃபார்திக் தலைமை ரப்பியாக இருந்தவர் பாக்தாதில் பிறந்த இட்ஸாக் நிஸ்ஸிம். பெனே இஸ்ரேல்களின் கல்யாணத்துக்கு முன் வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்ற உத்தரவு அப்போதுதான் வந்தது. கிளர்ச்சிக்குப் பிறகு 1964-ல் பார்லிமெண்ட் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. நாம் இந்திய ஆங்கிலக் கவிஞராக மட்டும் அறிந்திருக்கும் நிஸ்ஸிம் எஸக்கியேல் இந்தப் பெனே இஸ்ரேல் வீட்டுப் பிள்ளை. அவருடைய தொனியில் இருக்கும் அந்தச் சங்கடமான நகைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்கள் எலியட்டையும் ஆடனையும் புரட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரகடத்தில் உட்கார்ந்து கொச்சியைப் பற்றி எழுதுவது வலிந்த காரியமாகத் தோன்றலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி ஆரம்பித்தது, ஒரகடத்தில் 2010-ல். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்தில் சாப்பாட்டுக்கடைப் பலகைகள் வந்தன. ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்துக்கொண்டிருந்த இந்த ஊர்க்காரனுக்கு அதற்கு முன் ஊர்ப்பேர், குலப்பேர், பட்டப்பேர், சண்டைப்பேர் எல்லாம் இருந்தன. 'லோக்கல்' என்ற பேர் இருந்ததில்லை. கம்பெனி வந்த பிறகுதான் அவன் லோக்கல் ஆனான். காண்ட்ராக்டர் வாயில் அது சில சமயம் ஆளைக் குறிக்கிறது, சில சமயம் தரத்தைக் குறிக்கிறது. தகரக் கொட்டகையில் தங்கும் ஒடியாக்காரனையும் பீகார்க்காரனையும் ஒரே பேரில் வடக்கன் என்று ஒதுக்குவதில் அந்த லோக்கலும் சளைத்தவனல்ல. ஒப்பீடு ஓரளவுக்குத்தான் போகும். இங்கே வந்தவன் தானும் இந்த ஊரின் பழைய வாரிசு என்று சொல்லிக்கொள்வதில்லை. ஏரிக்கரை அம்மனின் செப்பேட்டைக் கேட்பதில்லை. கொச்சியில் வந்தவன் ஒரே கடவுளையும் ஒரே புத்தகத்தையும் ஒரே பூர்வகதையையும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆனாலும் ஒருவனுக்கு அவன் ஊரிலேயே ஒரு அடைமொழி எப்படி வந்து ஒட்டுகிறது என்பதை நான் கொச்சி நூல்களில் படிப்பதற்கு முன்பே இந்தச் சாலையில் பார்த்திருந்தேன்.

1968-ல் பரதேசி ஜெபஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இருபது பைசாத் தபால்தலை வெளியிடப்பட்டது. மலபாரிகளில் பெரும்பாலோர் அதற்குள் இஸ்ரேலில் கோழிப் பண்ணையிலும் பூந்தோட்டத்திலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1544-ல் கட்டப்பட்ட, அதாவது பரதேசி ஜெபஆலயத்துக்கு 24 வருஷம் மூத்த, கடவும்பாகம் ஜெபஆலயத்தின் உள்மரவேலை முழுவதையும் பிரித்து எடுத்துக்கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அதன் சொந்த வேதப்பேழை முன்பே நெஹாலிம் என்ற கிராமத்துக்குப் போய்விட்டிருந்ததால், பரவூர் ஜெபஆலயத்தின் பேழையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மட்டாஞ்சேரியில் எஞ்சிய வெறும் கட்டிடத்தின் சுவர் 2019-ல் இடிந்து விழுந்தது. அங்கிருந்து பரதேசி ஜெபஆலயம் நடக்கும் தூரம்தான். சீன ஓடு பார்க்க வந்தவர்கள் வாசலில் வரிசையாக நின்று செருப்பைக் கழற்றுகிறார்கள். செருப்போடு உள்ளே போகாமலிருப்பது கொச்சியின் எல்லா யூதர்களுக்கும் பொதுவான பழக்கம்.